வதந்தி வருவதற்கு முன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கொல்கிறார்கள் என்று பீகார் முழுவதும் பேச்சுப் பரவியது. பெரிய இந்தி நாளேடு ஒன்றே அதைச் செய்தியாக அச்சிட்டது. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. மார்ச் 2ஆம் தேதி, அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு ஒரு காணொளி வெளியிட்டு, கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த காட்சிகளைப் பற்றி விளக்கினார். அவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது. தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு இருவர் அழுத மற்றொரு காட்சி பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் நடித்து எடுக்கப்பட்டது என்பதைப் பிறகு பீகார் காவல்துறையே கண்டுபிடித்துச் சொன்னது. அங்கிருந்து நால்வர் குழு வந்து தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. இரு மாநில முதல்வர்களும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். சொல்லப்பட்ட அந்தக் கொலைகளில் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை.

ஆனாலும் ரயில் நிலையங்கள் நிரம்பின. மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்குப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டு கூட்டமும் ஒரே ரயிலில் ஏறிக்கொண்டது.

அரசு அன்று வேகமாகவும் நேர்மையாகவும் நடந்துகொண்டது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. ஒரகடத்தில் நான்கைந்து வருடம் வேலை பார்த்தவர், தினமும் நம் டீக்கடையில் டீ குடித்தவர், நம் பெட்டிக்கடையில் கணக்கு வைத்திருந்தவர், தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஊரைவிடப் பாட்னாவில் எடுத்த காணொளியை ஏன் நம்பினார்? ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் செய்கிறார். 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை' என்று சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்காக அவர் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஒரு தமிழரின் எண் அவருடைய கைபேசியில் இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்காது. இருந்தால் அது மேஸ்திரியின் எண்ணாகவோ வீட்டு உரிமையாளரின் எண்ணாகவோ இருந்திருக்கும். கூலியைப் பிடித்தம் செய்பவரிடமும் வாடகை வாங்குபவரிடமும் ஒருவர் தன் பயத்தைச் சொல்லமாட்டார்.

என் உரை முழுவதும் இந்த ஒரு எண்ணைப் பற்றியதுதான்.

நாம் கூடியிருக்கும் இந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014இல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், அப்பல்லோ டயர்ஸ் எல்லாம் 2010ஐ ஒட்டி வந்தவை. வல்லம் வடகால் சிப்காட்டில் 2017இல் ராயல் என்ஃபீல்டு தொடங்கியது. இதே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில், பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை முதல்வர் திறந்துவைத்தார். அதற்கு ஆன செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். சுற்றியிருக்கும் பல ஊராட்சிகளின் மக்கள்தொகையைச் சேர்த்தாலும் அந்தக் கட்டடங்களில் தங்குவோரின் எண்ணிக்கையை எட்டாது. தொழிலாளர் துறைக்காக எடுக்கப்பட்டு 2016இல் வெளிவந்த கணக்கு, தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10.67 லட்சம் என்றது. அவர்களில் அதிகம் பேர் இருந்தது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், வங்காளம், உத்தரப்பிரதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த நம் பிள்ளைகளும் இங்கே வெளியூர்க்காரர்கள்தான்.

இத்தனை பேரையும் ஒரு சாலையின் இருபுறமும் வைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் அறியாதபடி ஏற்பாடு செய்திருக்கிறோம். யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. கம்பெனி பஸ் விடுதி வாசலில் ஏற்றி கேட்டுக்குள் இறக்கிவிடுகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சீருடை, கான்ட்ராக்ட் ஆளுக்கு வேறு நிறம். சாப்பாட்டு வரிசை வேறு. சம்பளம் வரும் வழி வேறு. ஊருக்குள் வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வரிசை அறைகள் ஏரிக்கரை ஓரத்தில் தனியாக நிற்கின்றன. ஒரு அறைக்கு எட்டுப் பேர், பகலில் நான்கு பேர் தூங்க, இரவில் நான்கு பேர் தூங்க. இப்படி வாழ்கிறவர்களைத்தான் நாம் 'கலந்து வாழ்கிறார்கள்' என்று மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல், இனக்குழுக்களுக்கு இடையிலான வெறுப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும் வெறுப்புக் குறைந்துவிடாது என்பது அவர் சொன்னதில் முக்கியமானது. சந்திக்கிறவர்கள் சம நிலையில் சந்திக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான நோக்கம் இருக்க வேண்டும். அதற்காகக் கைகோத்து வேலை செய்ய வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். நம் தொழிற்சாலைகளை இந்த அளவில் வைத்துப் பாருங்கள். பொது நோக்கம் இருக்கிறது, ஒரே லைனில் நின்று ஒரே ஆர்டரை முடிக்கிறார்கள். கைகோத்த வேலையும் இருக்கிறது, ஒருவர் தாமதித்தால் பக்கத்திலிருப்பவருக்கும் வேலை நிற்கும். சமநிலை மட்டும் இல்லை. அது இல்லாததால் மற்றவை இருந்தும் பயனில்லாமல் போகிறது.

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஆகையால் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் அழைத்து வரப்படும் தொழிலாளர்களுக்கென 1979இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் 13ஆம் பிரிவு, அதே வேலையைச் செய்யும் உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல் வந்தவருக்கும் கொடு என்றது. 12ஆம் பிரிவு, புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் ஒன்றை அவர் கையில் கொடு என்றது. அவருடைய மொழி இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இல்லாவிட்டால் அவர் மொழியிலும் அதை எழுது என்றது. ஒடியா மொழியில் கூலி விகிதம் எழுதிய ஒரு பாஸ்புக் ஒடிசாக்காரரின் சட்டைப்பையில் இருந்திருக்க வேண்டும். 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று இந்தச் சட்டத்தைத் தனக்குள் இழுத்துக்கொண்டுவிட்டது. பணியில் இருந்த காலத்தில் ஒழுங்காக நிரப்பிய பாஸ்புக்கை நான் பார்த்தது அபூர்வம்.

இதை எதற்குச் சொல்கிறேன்? உள்ளூர் இளைஞர்களின் மனக்குறையைப் பற்றிப் பேசாமல் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 'எங்கள் நிலத்தைக் கொடுத்தோம், எங்கள் ஏரியைக் கொடுத்தோம், வேலை வடநாட்டுக்காரனுக்கு' என்று இந்த வட்டாரத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. 2021 தேர்தலில் உள்ளூர்க்காரர்களுக்கு 75 சதவீத வேலை என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது அந்தக் குறைக்குச் சொன்ன பதில்தான். ஹரியானா அதே 75 சதவீதத்தைச் சட்டமாகவே கொண்டுவந்து, 2023 நவம்பரில் உயர்நீதிமன்றத்தில் இழந்தது. ஒப்பந்தக்காரர் வெளிமாநில ஆளை விரும்புவது அவர் திறமைசாலி என்பதால் மட்டுமில்லை. குறைந்த கூலிக்கு வருவார், பன்னிரண்டு மணி நேரம் நிற்பார், ஓ.டி. கணக்குக் கேட்கமாட்டார், சங்கத்தில் சேரமாட்டார். 13ஆம் பிரிவு நடைமுறையில் இருந்திருந்தால் அந்த லாபம் ஒப்பந்தக்காரருக்குக் கிடைத்திருக்காது. நம் பையனின் கோபம் பக்கத்து அறைக்காரர் மேல் போயிருக்காது. ஆகவே, சம கூலியைக் கேட்பதுதான் நல்லிணக்கத்துக்காக இந்த வட்டாரத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹோலிக்கு ஒரு மேடை, பொங்கலுக்கு ஒரு மேடை என்று போட்டு இரு தரப்பையும் ஆடவைப்பது அதற்கு அப்புறம்.

மொழிதான் தடை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு 2021 டிசம்பரை நினைவூட்டுகிறேன். பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் சிலர் இறந்துவிட்டார்கள், மறைக்கிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் யார் சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. சொன்னவர்களும் தமிழில்தான் சொன்னார்கள், கேட்டவர்களும் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள்தான். அதற்கு முன் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்காததால், இப்போது மற்றவர்கள் சொல்வதை அவர்கள் காதில் வாங்கவில்லை. சாதாரண நாளில் குறையைக் கேட்காதவர் நெருக்கடி நாளில் சொல்லும் உண்மைக்கு மதிப்புக் கிடையாது.

2012ஆம் ஆண்டிலும் இரண்டு சம்பவங்கள் உண்டு. பிப்ரவரியில் வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லப்பட்ட ஐந்து பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது, வடமாநிலத்தவர் என்றார்கள். உடனே, வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. பெயர், ஊர், புகைப்படம் எல்லாம் கேட்கப்பட்டன. சட்டம் 1979இலேயே கேட்ட அதே புகைப்படம்தான். கூலிக்காக முப்பது வருடம் ஒட்டப்படாத புகைப்படம் சந்தேகத்துக்காக ஒரே வாரத்தில் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அசாமின் போடோ பகுதிகளில் நடந்த கலவரத்துக்குப் பழிவாங்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்திகளால் பெங்களூரு, புணே, சென்னை நகரங்களிலிருந்து வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயில்களில் ஏறினார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திகளுக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு சில நாட்கள் தடை போட்டது. குறுஞ்செய்தியை நிறுத்த முடிந்தது. பயத்தை நிறுத்த என்ன செய்யலாம் என்று அன்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் 2023இல் கைவசம் ஏதாவது இருந்திருக்கும்.

நாமும் வந்தேறிகள் என்று விரட்டப்பட்டவர்கள். 1966இல் பம்பாயில் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள், அதாவது மாதுங்காவிலும் தாராவியிலும் இருந்த நம் மக்கள். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவை ஒட்டி, பெங்களூருவில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன. 2016 செப்டம்பரில் அங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இடையில் 2009 ஆகஸ்டில், பதினெட்டு வருடம் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு முதல்வர்களும் வந்தார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் ஏழு வருடம் கழித்துப் பேருந்துகள் எரிந்த இரவில் அந்தச் சிலைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21ஐப் பேசாமல் இருக்க முடியாது. இங்கிருந்து சில கிலோமீட்டரில் அவர் நினைவிடம் இருக்கிறது. பக்கத்து நாடான இலங்கையில் ஒரு இனப்போர் தடுக்கப்படாமல் வளர்ந்தால் அது எங்கே வந்து வெடிக்கும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. அன்று அவரோடு இறந்தவர்களில் பாதுகாப்புக்கு நின்ற தமிழ்நாட்டுக் காவலர்களும் உண்டு. அதன்பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குண்டுக்கும் கொலைக்கும் தொடர்பே இல்லாத, முகாம்களில் அடைக்கலம் புகுந்திருந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஒரே இரவில் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். ஒரே மொழி, ஒரே உணவு, உறவு என்றே அழைத்த மக்கள் அவர்கள். சிலர் செய்ததற்கு ஒரு கூட்டத்தையே பொறுப்பாக்கும் பழக்கம் மொழி பார்த்து வருவதில்லை.

இலங்கையிலிருந்தே இன்னொன்று. 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில், ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்கள இளைஞர் ஒருவர் சாப்பாட்டில் மாவுக்கட்டி ஒன்றைக் கண்டார். சிங்களரை மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே முகநூலில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் ஆமாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அதைப் படமெடுத்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரமே கண்டி திகனையில் பெரும் வன்முறை. அரசுப் பகுப்பாய்வில் அது வெறும் மாவு என்று தெரிந்தது. அந்தக் கடைக்காரரின் பக்கத்தில் நின்று இரு மொழியிலும் பேச அன்று ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

அப்படிப்பட்ட ஆளை முன்கூட்டியே உண்டாக்கி வைத்த ஓர் ஊர் நம் நாட்டில் இருக்கிறது. பம்பாய்க்கு அருகே, விசைத்தறி ஊர் பிவண்டி. 1970இலும் 1984இலும் அங்கே கொடிய மதக்கலவரங்கள் நடந்தன. 1980களின் இறுதியில் அங்கே காவல்துறைத் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே, தெருத்தெருவாக மொஹல்லா குழுக்களை அமைத்தார். இரு சமூகத்தாரும் அதில் இருந்தார்கள். சாதாரணக் கான்ஸ்டபிள்களை அந்தக் குழுக்களோடு உட்காரவைத்தார். கலவரம் இல்லாத நாட்களில் குழாய்த் தண்ணீர், குடும்பச் சண்டை, சாக்கடை என்று எதையாவது பேசிக்கொண்டே இருந்தார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் பற்றி எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்னே 2002இல் வெளியிட்ட ஆய்வு நூலில், கலவரம் வெடிக்கும் அலிகரையும் வெடிக்காத கோழிக்கோட்டையும் போல ஆறு நகரங்களை இணை இணையாக ஒப்பிட்டு இதே முடிவுக்கு வந்தார். தெருவில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பழக்கம் சிற்றூருக்குப் போதும், நகரத்துக்குப் போதாது. நகரத்துக்குச் சங்கம் வேண்டும், வணிகர் அமைப்பு வேண்டும், இரு தரப்பும் உறுப்பினராக இருக்கும் எந்த அமைப்பானாலும் வேண்டும். வல்லம் வடகால் பெயரளவில் சிற்றூர். ஆள் கணக்கில் நகரம். சிற்றூரின் பழக்கத்தை நம்பி நகரத்தின் கூட்டத்தை வைத்திருக்கிறோம்.

நம்மிடம் இருப்பதை எடுத்துப் பார்ப்போம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், நிர்வாகத் தரப்புக்குக் குறையாத எண்ணிக்கையில் தொழிலாளர் தரப்பும் அமரும் தொழிற்குழு என்பது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. அதில் ஒடியா பேசும் ஒருவர், இந்தி பேசும் ஒருவர், கான்ட்ராக்ட் தரப்பில் ஒருவர் உட்கார்ந்தால் எந்தச் சட்டமும் தடுக்கப்போவதில்லை. தொழிற்சங்கத் தோழர்களுக்கு, உங்களோடு பல காலம் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். சங்கம் நிரந்தரத் தொழிலாளியோடு நின்றுவிடுகிறது. துண்டறிக்கை தமிழில் மட்டும் வருகிறது. இந்தியிலும் வங்காளத்திலும் ஒரு பக்கம் அச்சடியுங்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பவர்கள் அதைச் செய்வதில் எந்த முரணும் இல்லை. அரசு திணிக்கும் மொழியை எதிர்க்கிறோம், உழைக்கிறவரின் மொழியை அல்ல.

இன்னொரு கூட்டத்தாரையும் மறந்துவிடுகிறோம். குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் இந்தப் பகுதி அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். ரேஷன் கடையில் அம்மாவுக்காக அவர்கள்தான் பேசுகிறார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பீகார் அட்டைக்கு இங்கே அரிசி கிடைக்கும் என்பதை அந்த அம்மாவுக்குச் சொன்னது பெரும்பாலும் பத்து வயதுப் பிள்ளையாகத்தான் இருக்கும். இவர்கள் பெரியவர்கள் ஆகும்போது இரு தரப்பையும் அறிந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கும். ஆண்டின் நடுவில் வேலை மாறி அப்பா கிளம்பும்போது பிள்ளையின் படிப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

ஊராட்சித் தலைவர்கள் சிலர் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று மே 1. அன்று தொழிலாளர் தினம், தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. ஏரிக்கரை அறைகளில் இருப்பவர்களும் விடுதியில் இருப்பவர்களும் அன்று ஊரில்தான் இருப்பார்கள். கிராம சபையில் வாக்களிக்கும் உரிமை வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் என்பதை அறிவேன். ஆனால் வந்து உட்காரவும், கேட்டால் பேசவும், குடியிருப்பவர்களை அழைக்கலாம். அறைப் பகுதிக்குக் குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி, கழிவுநீர் ஏரிக்குள் போவது, இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்குச் சாலையில் வெளிச்சம் ஆகியவை ஊர்க்காரருக்கும் அவர்களுக்கும் ஒன்றாகவே இருக்கும் குறைகள். அவற்றைப் பேசுவதற்கு ஒவ்வொரு அறை வரிசையிலிருந்தும் ஒருவர், ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர் என்று ஒரு குழுவை அன்றே அமைத்து, அவர்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் இரு தரப்பாரும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிளும் வரட்டும், விவரம் சேகரிக்க வேண்டாம், உட்கார்ந்து கேட்கட்டும். அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடட்டும். முதல் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றி மட்டும் பேசினால்கூடப் போதும். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால், பள்ளியில் படிக்கும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைக் கேளுங்கள்; கிடைக்காவிட்டால் நான் ஆள் தேடித் தருகிறேன், நானும் வருகிறேன்.